புவியியல் முதுநிலை: பொதுப் படிப்பா, ஜிஐஎஸ் படிப்பா?

இளநிலை முடித்துவிட்டு மேலே புவியியல் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பொதுவான புவியியல் முதுநிலையில் சேர்வதா, ஜிஐஎஸ் (இடம் சார்ந்த தரவைக் கணினியில் வரைபடமாக்கி அலசுவது), தொலையுணர்வு (செயற்கைக்கோள் போன்றவற்றின் படங்களை வைத்து நிலத்தை ஆராய்வது) என்று தனியாகப் பிரித்த படிப்பில் சேர்வதா?

ஜிஐஎஸ் படிப்பின் பலம் பார்த்தாலே தெரியும். ஆரம்பத்திலேயே கணினி முன் உட்கார வைத்துவிடுவார்கள். வரைபட அடுக்குகள், செயற்கைக்கோள் படங்கள், தரவுத்தளம், கொஞ்சம் பைத்தான் நிரலாக்கம். முடிக்கும்போது காட்டுவதற்குக் கையில் நாலு வரைபடமாவது இருக்கும். வேலை தேடும்போது அது பெரிய உதவி.

பொதுப் புவியியலில் அப்படிச் சட்டென்று எடுத்துக் காட்ட எதுவும் இருக்காது. நிலவடிவம், காலநிலை, மக்கள்தொகை, நகரம் என்று பரந்து போகும். கள ஆய்வும் ஆய்வேடும்தான் அதன் உயிர்.

களம் ஏன் முக்கியம் என்பதற்கு, செயற்கைக்கோள் படத்தின் ஒரே ஒரு பிக்சலை, அதாவது ஒரு சிறு கட்டத்தை, எடுத்துக்கொள்வோம். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் படத்தில் அது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அந்த 900 சதுர மீட்டருக்குள் ஒரு வீடு, இரண்டு மரம், வயலின் ஒரு மூலை எல்லாம் இருக்கலாம். நிலத்தை வயல், நீர், தரிசு என்று வகைப்படுத்தும்போது வழக்கமாக அதற்குக் கிடைப்பது ஒரே பெயர். மலையின் நிழல் சில சமயம் நீர்நிலை என்று பதிவாகிவிடும். ஒரு போகம் சும்மா விட்ட வயல் தரிசு என்று வந்துவிடும். வரப்பில் நின்று “ஏன் இந்த வருஷம் விதைக்கலை?” என்று கேட்டவருக்குத்தான் தண்ணீர் வராத கதை தெரியும். அப்புறம், தண்ணீர் ஏன் வரவில்லை, யாருக்குப் போனது என்று கேள்வி நீளும். எனக்குப் புவியியல் என்றால் அந்தக் கேள்விதான்.

மென்பொருளைப் பிறகும் கற்கலாம். க்யூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். 10 மீட்டர் நுணுக்கம் தரும் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களும் இலவசம்தான். களத்தில் தப்பாகக் கேட்டு, வழிகாட்டியிடம் திருத்தம் வாங்கி, மறுபடி போய்க் கேட்கும் வாய்ப்பு பிறகு சுலபமாக அமையாது.

அதனால் கணினி, பொறியியல் பின்னணியிலிருந்து வருபவர்களுக்குப் பொதுப் புவியியலைத்தான் சொல்வேன். இளநிலையிலேயே புவியியல் நன்றாகப் படித்தவர்கள் தயங்காமல் ஜிஐஎஸ் பக்கம் போகலாம்.

சரி, எதில் சேர்ந்தாலும், அதற்கு முன் அந்தத் துறையில் சமீபத்தில் வந்த ஆய்வேடுகளின் தலைப்புகளை வாங்கிப் பாருங்கள். ஊர் பெயர் மட்டும் மாறி, மற்றதெல்லாம் ஒரே அச்சாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.