பழைய கருவூலத்தில் எங்கள் எழுத்து

மெல்பர்னில் காலின்ஸ் தெரு ஏறிப்போய் ஸ்பிரிங் தெருவில் முட்டும் இடத்தில் பழைய கருவூலக் கட்டடம் இருக்கிறது. விக்டோரிய மாநிலத்தின் திருமணப் பதிவகம் அதற்குள்தான். 2025 அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை, அங்கே எங்களுக்குத் திருமணம் நடந்தது. துணையோடு இங்கேயே வாழ்வதற்கான பார்ட்னர் விசாவுக்கு விண்ணப்பித்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது, பதில் வரவில்லை. இதே நிலையில் "இப்போது கல்யாணம் பண்ணலாமா, விசா வரட்டுமா" என்று தவிக்கிற நம்மவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அதனால் இடத்தைப் பற்றி மட்டும் சொல்லாமல், நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதையையும் எழுதுகிறேன்.

எனக்குத் தஞ்சாவூர். படிக்க வந்து, வேலை கிடைத்து, இங்கேயே இருந்துவிட்டேன். என் கணவர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் பிறந்து பத்து வயதில் இங்கே வந்தவர், ஆஸ்திரேலியக் குடிமகன். 2024-ல் ஊரில் கல்யாணம் என்று மண்டபம் வரை பார்த்துவிட்டோம். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு பைபாஸ். மண்டபத்தை விட்டுவிட்டோம். என் விசா முடியும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. மெல்பர்னின் கிளேட்டனில் ஒரே வீட்டில் இருந்தோம் என்பதால், எங்கள் உறவை முதலில் மாநிலத்தில் பதிவு செய்துகொண்டு, டி ஃபாக்டோ இணையர், அதாவது மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள் என்ற முறையில் 820/801 பார்ட்னர் விசா விண்ணப்பத்தைப் போட்டோம் (820 தற்காலிகம், 801 நிரந்தரம்). உறவைப் பதிவு செய்திருந்தால், விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. 2024-ல் கட்டணம் 9,095 டாலர். இரண்டு பேரின் சேமிப்பும் அதோடு சரி.

அந்தக் கோப்புக்கு நான்கு வகைச் சான்று தர வேண்டும். பணம், வீட்டு நடப்பு, நாலு பேருக்குத் தெரிந்த உறவுதானா என்பது, ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கிற பற்று. கூட்டுக் கணக்கு, இரண்டு பேர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், எங்கள் உறவு உண்மை என்று நண்பர்கள் எழுதித் தந்த 888 படிவங்கள், தேதி போட்ட படங்கள் என்று மாதக்கணக்கில் சேர்த்தோம். "சாப்பிட்டீரோ?" என்று அவர் வேலையிலிருந்து அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளைக்கூட நாட்டி (NAATI) என்ற அமைப்பின் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தோம். "டிட் யூ ஈட்" என்று திரும்பி வந்தது. அந்த 'நீர்' எங்கே போயிற்று? யாழ்ப்பாணத்துக்காரர் தன் மனைவியை 'நீர்' என்று கூப்பிடுவதில் இருக்கிற மரியாதையும் நெருக்கமும் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கவில்லை. அன்று இரவு உட்கார்ந்து அழுதேன்.

இதற்கு நடுவில் ஒரு விசா முகவர் எங்களை நன்றாகக் குழப்பினார். அப்பா தேறிவிட்டார், இனிக் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று நாங்கள் கேட்கப் போனபோது, "கூடவே கூடாது. டி ஃபாக்டோ என்று போட்ட கோப்பில் நடுவில் கல்யாணம் என்று சொன்னால் சந்தேகப்படுவார்கள். விசா வரும்வரை பேசாமல் இருங்கள்" என்றார். அவர் பேச்சைக் கேட்டு ஐந்து மாதம் வீணாயிற்று. அந்த ஐந்து மாதமும் அம்மாவிடம் ஏதேதோ சாக்குச் சொன்னேன். அப்புறம் வேறொரு குடிவரவு வழக்கறிஞரிடம் அரைமணி நேரம் பேசினோம். அவர் சொன்னது இதுதான்: 820 விசா திருமணமான இணையருக்கும் டி ஃபாக்டோ இணையருக்கும் பொது. இடையில் திருமணம் செய்துகொண்டால் விண்ணப்பம் கெடாது. டி ஃபாக்டோ என்று இருந்தது திருமண இணையர் என்று ஆகும், அவ்வளவுதான். ஆனால் அதைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால்தான் ஆபத்து.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு, திருமணம் செய்யப் போகிறவர்களுக்கான 300 விசா கேட்டிருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. இனிமேல்தான் திருமணம் என்பதே அந்த விசாவின் அடிப்படை. முடிவு வருவதற்குள் திருமணம் செய்தால் விண்ணப்பமே வேறு வகைக்கு மாறும். நாள் குறிக்கும் முன்பே விவரம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

சரி, பதிவகம். முதல் வேலை, திருமணம் செய்யப் போவதாக அறிவிப்புப் படிவம் கொடுப்பது. திருமண நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் கொடுக்க வேண்டும். பதினெட்டு மாதத்துக்கு முன்னால் கொடுத்தால் செல்லாது. பிறந்த இடமும் தேதியும் காட்ட பாஸ்போர்ட் போதும். என் தஞ்சாவூர் நகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் பெயரே எழுதவில்லை, 'பெண் குழந்தை' என்றுதான் இருக்கிறது. என்ன சொல்வார்களோ என்று பயந்தே போனேன். பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், குறித்துக்கொண்டார்கள், முடிந்தது. விசா எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிவு வரும்வரை தங்குவதற்கான பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர்களும் தாராளமாகத் திருமணம் செய்யலாம். திருமணச் சட்டத்துக்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை.

இந்தச் செய்தியை வீட்டில் சொன்னபோதுதான் இரண்டு ஊரின் தமிழும் மோதிக்கொண்டன. அம்மாவிடம் போனில் "ரிஜிஸ்டர் கல்யாணம்" என்றேன். "ஓடிப்போறவங்கதானேடி அதெல்லாம் பண்ணுவாங்க? நாம எதுக்கு ஒளிஞ்சு பண்ணணும்?" என்று குரல் உடைந்துவிட்டது. அதே செய்தியைக் கேட்ட மாமியோ (என் மாமியார்), "நல்லது பிள்ளை, முதல்ல எழுத்தை முடியுங்கோ. பிறகு ஆறுதலா கோயில்ல தாலியைக் கட்டலாம்" என்றார். அவர்கள் ஊரில் பதிவுத் திருமணத்துக்கு 'எழுத்து' என்று பெயர். பெரியவர்கள் கூடி, பலகாரம் வைத்து, ஊரறியச் செய்வது. மாமியே அம்மாவுக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் அம்மா, "எழுத்துக்கு என்ன சேலை கட்டப்போற?" என்று கேட்டார். அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் அப்படித்தான் வந்தது.

நேரம் பிற்பகல் இரண்டரை. அம்மாவுக்கு அது காலை ஒன்பது மணி, ராகு காலத்துக்கு முன்பு. ஐப்பசியும் பிறந்துவிட்டது. அம்மாவுக்கு அதில் திருப்தி.

டாண்டினாங்கிலிருந்து மாமி, மச்சாள் (நாத்தனார்), குழந்தைகள் எல்லோரும் ரயிலேறி வர, பார்லிமென்ட் நிலையத்தில் இறங்கி நடந்தோம். பட்டுச் சேலையோடு அந்த நிலையத்தின் நீண்ட எஸ்கலேட்டரில் ஏறியதை மறக்க முடியாது. காரில் வருவதானால் நிறுத்த இடம் முன்பே பார்த்து வையுங்கள். நகரத்தின் நடுப்பகுதி அது. மாமி கந்தசஷ்டி விரதம், மூன்றாம் நாள். ஒன்றும் சாப்பிடாமல் அந்த அகலமான படிகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விக்டோரியாவில் தங்கம் கிடைத்த காலத்தில், அதைப் பூட்டிவைக்க நிலவறைகளோடு 1858-ல் கட்டத் தொடங்கி 1862-ல் முடித்தது. வரைபடம் போட்ட ஜே. ஜே. கிளார்க்குக்கு அப்போது பத்தொன்பது வயது. கீழே அருங்காட்சியகம் இருக்கிறது. நேரத்தோடு வந்தால் பார்க்கலாம். உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களுமாக உள்ளே ஒரு வெளிச்சம். தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து டோக்கனுக்குக் காத்திருப்பதுபோல் இருக்கும் என்று நினைத்துப் போனவளுக்கு அதுவே போதும் என்று இருந்தது. ஆனால் பெரிய கூட்டத்துக்கான இடமில்லை. நாங்கள் பதினோரு பேர்தான். அதற்கு நிறைவாக இருந்தது. நூறு பேரை அழைக்க நினைப்பவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டும்.

சடங்குக்கு முன்னால், திருமணத்தை நடத்திவைக்கிற அம்மையார் எங்கள் இருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசினார். 2024 ஜூனிலிருந்து சட்டமே அப்படி. யாரையும் கட்டாயப்படுத்தித் திருமணம் நடக்கக் கூடாது என்பதற்காக, ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி மனமார்ந்த சம்மதம்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அவர் கதவைச் சாத்திவிட்டு என்னிடம், "இது உங்கள் சொந்த விருப்பமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையாட்டினார். அவ்வளவுதான். படம் கேட்கவில்லை, பில் கேட்கவில்லை, வங்கிக் கணக்கு கேட்கவில்லை. பதினான்கு மாதமாக நாங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வைத்துப் பழகிய எனக்கு, என் வாய்ச்சொல்லே போதும் என்று ஒருவர் எடுத்துக்கொண்டபோது தொண்டை அடைத்துவிட்டது. இந்தப் பதிவகத்துக்கு நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பது அந்த ஐந்து நிமிடத்துக்காக.

என் பெயரில் ஒரு 'ழ' உண்டு. அதை எப்படிச் சொல்வது என்று கேட்டு, மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சடங்கில் சரியாகவே சொன்னார்.

சடங்கு இருபது நிமிடம் இருக்கும். ஆஸ்திரேலியச் சட்டப்படி திருமணம் என்பது, பிற எவரையும் விலக்கி, இரண்டு பேர் தாமாக விரும்பி வாழ்நாள் முழுமைக்கும் இணைவது என்று அவர் வாசிக்க வேண்டும். நாங்கள் ஒருவரையொருவர் சட்டப்படி மணம் செய்கிறோம் என்பதற்கு இங்கே இருப்பவர்களைச் சாட்சியாக அழைக்கிறோம் என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் விட முடியாது. மோதிரம் மாற்றுவதும் மாலை மாற்றுவதும் நம் விருப்பம். பதினெட்டு வயது தாண்டிய சாட்சிகள் இரண்டு பேர். மச்சாளும் என் தோழியும் கையெழுத்துப் போட்டார்கள். மச்சாள் பையன் தூக்கிப் பிடித்திருந்த போனில் அம்மாவும் அப்பாவும். அப்பா வேட்டி சட்டையில், நெற்றி நிறைய விபூதியோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார். பக்கத்திலேயே கருவூலத் தோட்டம், படம் எடுக்க அருமை. காற்று மட்டும் பலம். சேலைக்கு ஊசி நிறையக் குத்திக்கொண்டு போங்கள்.

காகித விஷயத்தில் பலர் ஏமாறுவது ஒன்று உண்டு. திருமணத்தன்று கையில் தரும் அழகான சான்றிதழ் விசா கோப்புக்கு உதவாது. பதிவு முடிந்தபின் பிறப்பு இறப்பு திருமணப் பதிவுத் துறை வழங்கும் அதிகாரபூர்வச் சான்றிதழ்தான் வேண்டும். எங்களுக்கு வந்ததும் ஸ்கேன் செய்து, விசா விண்ணப்பத்துக்கான இணையக் கணக்கான இமிஅக்கவுண்டில் ஏற்றி, சூழ்நிலை மாற்றம் என்ற இடத்தில் திருமணத் தேதியைத் தெரிவித்தோம். நான் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். இதனால் வரிசையில் முன்னால் போய்விடுவோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிரந்தர விசாவான 801-க்குப் பெரும்பாலோருக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கணக்கு, திருமண நாளிலிருந்து அல்ல.

தை மாதம் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் தாலி கட்டுகிறோம். ஏற்கனவே சட்டப்படி மணமானவர்கள் இங்கே மறுபடி சமயச் சடங்கு செய்வதானால், நடத்திவைப்பவரிடம் பதிவுச் சான்றிதழைக் காட்டி, மணமானவர்கள்தான் என்று எழுதியும் கொடுக்க வேண்டும். அந்தத் தாளைத் தயாராக வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விசிட்டர் விசாவுக்குப் போட்டாயிற்று. அழைப்பிதழில் எழுத்து நடந்த தேதியையும் போட வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.