நோட்டில் எழுதும் திட்டமா, ஆடிட்டர் தரும் ரிப்போர்ட்டா?

சின்னதாகத் தொழில் தொடங்கப் போகிறவரிடம் "திட்டம் எழுதியாச்சா?" என்று கேட்டால், "ஆடிட்டர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றுதான் பதில் வரும். என் தங்கையும் அப்படித்தான் சொன்னாள். வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு மெஸ் போட வேண்டும் என்பது அவள் ஆசை. முதலீடு நாலு லட்சம். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளையும் அவர்களோடு துணைக்கு வருகிறவர்களையும் நம்பித்தான் கடை.

வங்கிக்குக் கொடுக்க ஆடிட்டர் போட்ட ப்ராஜெக்ட் ரிப்போர்ட் 28 பக்கம் வந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. வரவு செலவு, தேய்மானம், ஐந்து வருடத்துக்கான கடன் தவணை அட்டவணை எல்லாம் இருந்தன. விற்பனை மட்டும் கடையின் முழுத் திறனில் முதல் வருடம் 60 சதவீதம், அடுத்து 70, அதற்கடுத்து 80 என்று படிப்படியாக ஏறியது. அந்த 60 எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். எல்லாருக்கும் அப்படித்தான் போடுவது வழக்கம் என்றார்கள். "சிஎம்சி இருப்பதால் வாடிக்கையாளருக்குப் பஞ்சமில்லை" என்று சந்தையைப் பற்றி ஒரே வரி. அவ்வளவுதான்.

அதற்காக அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட முடியாது. 50,000 ரூபாய் வரை தரும் முத்ரா சிசு கடனுக்குச் சின்ன விண்ணப்பமே போதும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியக் கடன் வேண்டுமென்றால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கட்டாயம். பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால் சொந்தப் பணம் 5 சதவீதம் போட்டால் போதும். மானியம் நகர்ப்புறத்தில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35. அதாவது தோட்டப்பாளையத்தில் நாலு லட்சத்துக்கு ஒரு லட்சம் மானியம் என்றால், அதே முதலீட்டில் அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் தொடங்கினால் 1,40,000. அந்தப் பணமும் உடனே கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாக இருந்து, அப்புறம்தான் கடனில் கழியும். முதல் மாதச் செலவுக்கு மானியம் உதவும் என்று நினைத்திருப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லூரிப் பிள்ளைகள் போடும் 'பிசினஸ் மாடல் கேன்வாஸ்' என்ற ஒன்பது கட்டத் தாளையும் நிரப்பிப் பார்த்தோம். வாடிக்கையாளர் யார், நாம் தருவது என்ன, யார் துணை என்று ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகிறது. பங்குதாரர் இருந்தால் உட்கார்ந்து பேச நல்லது. ஆனால் எந்த மாதம் கையில் எவ்வளவு இருக்கும் என்று அது சொல்லாது. மெஸ்ஸுக்கு அதுதான் உயிர்.

கடைசியில் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கி, தங்கை கையாலேயே எழுத வைத்தேன். மாதச் செலவு: வாடகை 12,000, மாஸ்டர் 20,000, உதவிக்கு ஒருவர் 12,000, கரண்ட் தண்ணீர் 4,000, தவணை 6,500, வீட்டுக்கு 15,000. மொத்தம் 69,500. வீட்டுக்கு எடுப்பதை எழுதாமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆறாம் மாதம் கல்லாவிலிருந்து தினம் இருநூறு முந்நூறு காணாமல் போவது இதனால்தான். மாதம் 26 நாள் கடை என்றால் ஒரு நாளைக்கு 2,673 ரூபாய் மிஞ்ச வேண்டும். சாப்பாடு 80 ரூபாய். அரிசி, காய், எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்ந்து 45. மிஞ்சுவது 35. ஆக, தினம் 77 சாப்பாடு. இந்த ஒரு எண் 28 பக்கத்தில் எங்கேயும் இல்லை.

77 பேர் வருவார்களா? மூன்று நாள் மதியம் அந்தத் தெருமுனையில் நின்று எண்ணினாள். சாப்பிடப் போகிறவர்களை விடக் காய்கறிப் பையோடு லாட்ஜுக்குள் போகிறவர்கள்தான் அதிகம். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் அடுப்பு வசதியுள்ள அறை எடுத்து, கடுகெண்ணெயில் தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். நமக்குப் போட்டி எதிர்க்கடை இல்லை, அந்த அறையில் இருக்கிற கேஸ் அடுப்பு! நோட்டில் இதற்குத் தனிப் பக்கமே ஒதுக்கினோம்.

இன்னொரு பக்கம், கூட்டம் பாதியானால் என்ன செய்வது என்பதற்கு. இது கற்பனை பயம் இல்லை. 2022இல் சிஎம்சியின் ராணிப்பேட்டை வளாகம் திறந்தபோது சில பிரிவுகள் அங்கே போயின. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்த பிறகு அங்கிருந்து வருகிறவர்களுக்கு விசா கிடைப்பது குறைந்தது. ஒரே ஆஸ்பத்திரியை நம்பிக் கடை போடுகிறவர்கள் மூன்று மாத வாடகையைத் தனியாக எடுத்து வைக்காமல் ஷட்டரைத் தூக்கக் கூடாது. எங்கள் நாலு லட்சத்தில் 36,000 அதற்கே போனது. இரண்டு டேபிளைக் குறைத்தோம்.

தெருமுனையில் நின்றதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெறும் வயிற்றில் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு வெளியே வருகிறவர்கள் அறைக்குப் போய்ச் சமைக்கும் வரை பொறுப்பதில்லை. அதனால் காலை இட்லியும் கஞ்சியும் திட்டத்தில் ஏறின. மதியச் சாப்பாட்டின் எண்ணிக்கையை 77இலிருந்து 50ஆகக் குறைத்தாள். மீதிக் குறையைக் காலை டிபன் ஈடுகட்ட வேண்டும். இந்தக் கணக்கை வைத்து ரிப்போர்ட்டைத் திருத்தித் தரச் சொன்னோம். அந்த 60 சதவீதம் போய் எங்கள் எண்கள் வந்தன.

எனவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, நோட்டு முதலில், ஆடிட்டர் அப்புறம். வங்கியில் மேனேஜர் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, "தவணை கட்ட ஒரு நாளைக்கு எவ்வளவும்மா விக்கணும்?" என்று கேட்டார். தங்கை பையைத் திறக்கவே இல்லை. "மதியம் 50 சாப்பாடு சார், மிச்சம் காலை டிபன்ல. தினம் 2,673 ரூபாய் நிக்கணும்" என்றாள். அவர் பேனாவை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டார்.