வட்டம் வட்டமாகவே வர: பயிற்சி விமானமா, சமச்சீர் இறக்கை விமானமா?

ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானத்தில் சீரான செங்குத்து வட்டம் அடிக்க விரும்புபவர், பழகிய பயிற்சி விமானத்திலேயே தொடர்வதா, மேலும் கீழும் ஒரே வளைவுடைய சமச்சீர் இறக்கை கொண்ட விமானத்துக்கு மாறுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி விமானத்தின் இறக்கை பெரும்பாலும் அடியில் தட்டையாக இருக்கும். வேகம் கூடும்போது அது தானாகவே மூக்கைத் தூக்கும். வட்டத்துக்குள் நுழையும் வேகத்தில் இந்தப் பழக்கம் நம் கையோடு சேர்ந்து இழுப்பதால், ஆரம் நம் கணக்கை மீறிச் சுருங்குகிறது. இறக்கைகள் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், திசை பிறழ்வைச் சுக்கானால் திருத்தினால் விமானம் உருளவும் செய்கிறது.

சமச்சீர் இறக்கைக்கு இத்தகைய சொந்த விருப்பம் மிகக் குறைவு. காட்டிய வழியில் அது செல்கிறது. எஃப்3ஏ எனப்படும் மாதிரி விமான வான்சாகசப் போட்டிக்கான விமானங்கள் இந்த நடுநிலைக்காகவே வடிவமைக்கப்படுகின்றன. ஆனால் அது விமானியின் பிழையையும் மறைக்காது: நுழையும்போது இறக்கை சற்றே சாய்ந்திருந்தாலும் வட்டம் திருகுசுருளாகிவிடும்.

உச்சியை நெருங்கும்போது மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் குச்சியைக் கட்டைவிரலால் மில்லிமீட்டர் கணக்கில் தளர்த்தி, இயந்திர விசையைக் கட்டுப்படுத்தும் திராட்டிலையும் குறைத்து, இறங்குகையில் மீண்டும் மெல்ல இழுக்க வேண்டும். இந்த நுட்பத்தைப் பயிற்சி விமானத்திலும் பழகலாம். அதன் பலனை முழுமையாகக் காண, நான் சமச்சீர் இறக்கையையே பரிந்துரைப்பேன்.