சைக்கிள் விளக்கு: மதுரை வெயிலுக்கும் மழைக்கும் எது தாங்கும்?

மதுரையில் சைக்கிள் விளக்கைக் கெடுப்பது ஐப்பசி மழை மட்டுமில்லை. பாதி வேலையைச் சித்திரை வெயிலே முடித்து வைத்துவிடும். வெயிலில் நிறுத்திய வண்டியில் விளக்குக்குள் இருக்கும் காற்று சூடேறி விரிந்து, இணைப்பை அடைக்கும் ரப்பர் சீல் வழியாகக் கொஞ்சம் வெளியேறும். சாயங்காலம் கோடை மழை சடசடவென்று அடித்ததும் மிச்சக் காற்று சுருங்கி, சீல்மேல் நிற்கிற தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் கண்ணாடிக்குள் ஆவி படிந்து நிற்பது இதனால்தான்.

இதைப் பெட்டியில் போட்டிருக்கும் ஐபிஎக்ஸ் எண், அதாவது தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் தர எண், சொல்லாது. ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது. ஆனால் 7-இல் தேறியது 5, 6-இலும் தேறியதாக அர்த்தமில்லை. அவை இரண்டும் பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்கான தனிச் சோதனைகள். மணிநகரம் கர்டர் பாலத்தடியில் தண்ணீர் தேங்கினால்கூட ஹேண்டில்பார் விளக்கு மூழ்கப் போவதில்லை. அதன்மேல் வந்து விழுவது முன்சக்கரம் கீழிருந்து வாரியிறைக்கும் சேற்றுத் தண்ணீர். அதனால் சைக்கிளுக்கு ஐபிஎக்ஸ்7-ஐவிட ஐபிஎக்ஸ்6 எழுதிய விளக்கையே நம்புவேன். நடுவிலுள்ள எக்ஸ், தூசிக்கு மதிப்பு எதுவும் தரவில்லை என்பதைக் குறிக்கும். மேலூர்ப் பக்கம் கிரானைட் தூள் பறக்கிற ரோட்டில் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சீல் விளிம்பில் தூள் படிந்தால் மூடி முழுசாக உட்காராது.

பட்டன் செல் போடும் குட்டி விளக்கு கணக்கிலேயே வராது. சிலிக்கான் உறைக்குள் இரண்டு சிஆர்2032 செல். ஒவ்வொன்றும் 3 வோல்ட், சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. எதிரே வருகிறவர் கண்ணில் படுவதற்கு மட்டுமே அந்த வெளிச்சம் போதும். உறைக்கும் உள்ளே இருக்கும் டப்பாவுக்கும் நடுவில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்று செல்லைத் துருவாக்கும். அவசரத்துக்குக் கைப்பையில் உபரியாகக் கிடக்கட்டும். பிடுங்கிய பழைய செல்லைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

டிவி ரிமோட்டுக்குப் போடும் ஏஏஏ செல்லில் எரியும் விளக்கைப் பழசு என்று ஒதுக்குகிறார்கள். பின்விளக்குக்கு என் ஓட்டு இதற்குத்தான். சார்ஜிங் ஓட்டை கிடையாது. தண்ணீர் நுழைய மூடியின் இணைப்பும் சுவிட்சும்தான் வழி. நுழைந்தாலும் திறந்து துடைத்துக் காயவைக்கலாம். மூடி இணைப்பில் மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும்; அதில் சிலிக்கான் கிரீஸை விரல் நுனியளவு தடவினால் ஒரு மழைக்காலம் ஓடும். வாசலின் வேண்டாம், சில ரப்பரை அது உப்ப வைத்துவிடும்.

இதன் தொல்லைகள் இரண்டு. முதலாவது செல் கசிவு. பெட்டிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் துத்தநாக-கார்பன் செல்லில் வெளி டப்பாவே துத்தநாகம்தான். மின்சாரம் எடுக்க எடுக்க அது கரைந்து ஓட்டையாகிக் கசியும். ஆல்கலைன் செல்லும் தீர்ந்தபின் உள்ளேயே விட்டால் வெள்ளைப் பொடி பூக்கும். அது காரம் என்பதால் பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி, கடைசியில் தொடுமுனையில் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் போட்டால் கசிவுக் கவலை பெரும்பாலும் போச்சு. 1.2 வோல்ட்தான் தரும் என்பதால் வெளிச்சம் கொஞ்சம் குறையலாம், அவ்வளவே.

இரண்டாவது, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது செல் துள்ளி, தொடுமுனை ஒரு கணம் விட்டுப்போவது. தள்ளுகிற சுவிட்ச் உள்ள விளக்கு மறுபடி தானே எரியும். அமுக்குகிற பட்டன் வைத்ததில் பல அணைந்தது அணைந்ததுதான். பின்னால் அணைந்திருப்பது ஓட்டுகிறவருக்குத் தெரியவும் தெரியாது. ஸ்பிரிங்கை 2 மி.மீ. இழுத்துவிட்டு, பழைய ட்யூபில் வெட்டிய ஒரு துண்டைச் செல்லுக்கும் மூடிக்கும் இடையில் வையுங்கள். செல் ஆடாது.

யுஎஸ்பியில் சார்ஜ் ஏறும் லித்தியம் விளக்குதான் இப்போது கடையெல்லாம். முன்விளக்குக்கு இந்த வெளிச்சம் பட்டன் செல், ஏஏஏ விளக்குகளில் வராது. ஆனால் இதன் உயிர் அந்தச் சின்ன ரப்பர் மூடியில் இருக்கிறது. மேலோட்டமாக ஒட்டி நிற்கிற மூடி சில மாதத்தில் வெயிலில் விறைத்துத் தூக்கிக்கொள்ளும். ஓட்டைக்குள் ஆழமாக இறங்கி, பக்கவாட்டில் வரி வரியாக இருக்கிற மூடியைப் பார்த்து வாங்குங்கள். அந்தச் சார்ஜிங் ஓட்டை (போர்ட்) விளக்கின் அடிப்பக்கம் இருந்தால் சக்கரத் தண்ணீர் நேராக அங்கேதான் வரும். ஓட்டுகிறவர் பக்கம் பார்த்திருப்பது நல்லது. நனைந்த போர்ட்டில் உடனே சார்ஜரைச் செருகாதீர்கள். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் பின்கள் பச்சை பிடித்து அரித்துப்போகும். ஒரு ராத்திரி மின்விசிறிக்கு அடியில் திறந்து வையுங்கள். 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் செல்லில் சார்ஜ் ஏற்றுவதும் அதற்கு ஆகாது. வெயிலில் நின்ற கறுப்பு விளக்கு அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும் என்பதால், வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு ஏற்ற வேண்டும்.

ஐபிஎக்ஸ்7 என்று சொல்லி விற்ற லித்தியம் விளக்கை வாங்கிய அன்றே சோதிக்கலாம். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, மூடியை அழுத்தி மூடிய விளக்கை 20 விநாடி முக்கிப் பிடியுங்கள். உள்காற்று விரிவதால், இடைவெளி இருக்கிற இடத்தில் குமிழி வரிசையாகக் கிளம்பும். குமிழி வந்தால் அது நிற்பதற்குள் எடுத்துத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

டயரில் உரசும் பழைய டைனமோ 6 வோல்ட், 3 வாட். மழையில் டயர் வழுக்கினால் உருளை சுற்றாது, வேண்டிய நேரத்தில் விளக்கு மங்கும். டைனமோவின் அச்சு சக்கரத்தின் நடுவை நேராகப் பார்க்காவிட்டால் வழுக்கல் இன்னும் கூடும். வண்டிச் சட்டத்தையே மின்சாரம் திரும்பும் வழியாகப் பயன்படுத்துவதால் துரு வந்த இடத்தில் மின்சாரம் அறுந்துபோகும்; இரண்டாவது ஒயர் இழுத்துவிட்டால் அந்தச் சள்ளை தீரும். முன்னால் 2.4 வாட், பின்னால் 0.6 வாட் பல்பு போட்ட வண்டியில் பின் பல்பு ஃபியூஸ் ஆனால் அதற்குப் போன மின்சாரமும் முன் பல்பில் ஏறி அதுவும் போய்விடலாம். சக்கரம் நின்றால் மின்சாரமும் நிற்பதால், சிக்னலில் நின்றால் இருட்டுதான்.

சக்கர நடுவிலேயே உட்காரும் ஹப் டைனமோவுக்கு வழுக்கல் கிடையாது. மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைக்கும் கெபாசிட்டர் உள்ள விளக்கோடு சேர்த்தால் நின்ற பிறகும் சில நிமிடம் எரியும். செல்லும் இல்லை, சார்ஜிங் ஓட்டையும் இல்லை என்பதால் எல்லாவற்றிலும் இதுவே அதிக நாள் உழைக்கும். விலை அதிகம், சக்கரத்தை மறுபடி ஸ்போக் கோர்க்கத் தெரிந்த கைவேண்டும். இதற்கு மட்டும் கர்டர் பாலத் தண்ணீர் ஆகாது: ஓடிச் சூடான ஹப் தேங்கிய தண்ணீரில் முங்கினால் சீல் வழியாக அதையே உறிஞ்சும்.

விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குத் தினம் போகிறவருக்கு ஹப் டைனமோ செலவு தகும். தெருவிளக்குள்ள ரோட்டில் அலுவலகம் போய் வருகிறவருக்கு முன்னால் லித்தியம், பின்னால் ஏஏஏ போதும். மட்கார்டு இல்லாத கியர் சைக்கிள் என்றால், விளக்கு வாங்கும் முன்பே இரண்டு சக்கரத்துக்கும் மட்கார்டு வாங்குங்கள். சீட்டுக்கு அடியில் மாட்டிய பின்விளக்கு எத்தனை எண் எழுதியிருந்தாலும் அந்தச் சேற்றுக்கு முன் நிற்காது.