தனியாளாய் மான் வேட்டை: இழுப்பதா, உருட்டுவதா, சுமப்பதா?

அமெரிக்காவின் வடக்கு விஸ்கான்சினில் நவம்பர் கடைசியில் மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும். மூன்று மணிக்கு மான் விழுகிறது, கார் நிற்பதோ ஒன்றரை மைலுக்கு அப்பால். கூட ஆள் இல்லை. அங்குள்ள ஷெவாமகன்-நிக்கொலே தேசிய வனம் ஏறக்குறைய 15 லட்சம் ஏக்கர். பொதுநிலம் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்காமல் எவ்வளவு உள்ளே வேண்டுமானாலும் போகலாம். மானோடு திரும்பி வருவதுதான் கஷ்டம். நாலு சக்கரக் குவாட் பைக்கை எடுத்துப்போகலாம் என்றால், தேசிய வனங்களில் வரைபடத்தில் குறித்த பாதையை விட்டு அது இறங்கக் கூடாது.

பெரும்பாலானவர்கள் கயிறு கட்டித்தான் இழுக்கிறார்கள். 70 கிலோ ஆண் மானில் குடலை எடுத்த பிறகும் 55 கிலோ மிஞ்சும். முன்னங்கால்களைக் கொம்போடு சேர்த்துக் கட்டி, தலை முன்னால் வரும்படி இழுக்க வேண்டும். அப்போதுதான் முடி படிந்த திசையிலேயே உடல் வழுக்கும். பின்னங்காலைப் பிடித்து இழுத்தால் மயிர் ஒவ்வொன்றும் சருகைக் கவ்வும். முதல் வருடம் நான் அப்படித்தான் இழுத்தேன். அரை மைலுக்கு மூன்று மணி நேரம் ஆனது, மறுநாள் விரல்களை மடக்க முடியவில்லை. மிச்சிகனில் மருத்துவர்கள் வேட்டைக்காரர்களின் இதயத் துடிப்பை அளந்தபோது, சிலருக்கு அது டிரெட்மில்லில் எட்டிய உச்சத்தையே தாண்டியிருந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள், நெஞ்சில் கோளாறு உள்ளவர்கள் தயவுசெய்து இதைத் தனியாகச் செய்யாதீர்கள். கால் மைல், அதுவும் இறக்கம் என்றால் மட்டும் கயிறு போதும்.

பனி விழுந்திருந்தால் கதையே வேறு. பனியில் வழுக்கி வரும் ஒரு பிளாஸ்டிக் ஸ்லெட்டில் கிடத்திவிட்டால் பாதிப் பாரம் குறைந்ததுபோல் இருக்கும். பனி இல்லாத வருடம் அதை நம்பிப் போகாதீர்கள்.

இரண்டு சக்கர மான் வண்டியைக் கடைக்காரர்கள் புகழ்வதில் நியாயம் இருக்கிறது. பழைய மரவெட்டிச் சாலை கிடைத்தால், குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளுவதுபோல 55 கிலோவைத் தள்ளிக்கொண்டே வரலாம். ஆனால் விழுந்து கிடக்கும் ஒவ்வொரு மரத்திலும் வண்டியைத் தூக்கித் தாண்ட வேண்டும், சதுப்பு வந்தால் சக்கரம் புதையும். சட்டமும் குறுக்கே நிற்கிறது: 1964-ம் ஆண்டுச் சட்டப்படி ‘வில்டர்னஸ்’ என்று, காட்டைக் காடாகவே விட்டுவைக்க ஒதுக்கிய பகுதிகளில் இயந்திர வசதியுள்ள போக்குவரத்து எதற்கும் இடமில்லை, மான் வண்டியும் அதில் அடங்கும். ஸ்லெட்டுக்குத் தடையில்லை. வண்டியோடு கிளம்பும் முன் வரைபடத்தில் அந்த எல்லையைப் பாருங்கள்.

என் ஓட்டு கூறுபோட்டுச் சுமப்பதற்குத்தான். ஒரு மைலுக்கு மேல் தனியாகப் போகிறவருக்கு வேறு நல்ல வழி தெரியவில்லை. வயிற்றைத் திறக்கவே வேண்டாம். ஒருக்களித்துக் கிடத்தி, முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறி உரித்தால் முன்னங்கால் சப்பை கையோடு வந்துவிடும். அதை எலும்போடு பிணைக்கும் மூட்டே கிடையாது, சதைதான் பிடித்திருக்கிறது. கத்தி நுனி போதும். பின்தொடைக்கு மட்டும் இடுப்பு மூட்டைத் தேடி அறுக்க வேண்டும். பிறகு முதுகுக்கறி, கழுத்துக்கறி. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கையை விட்டால் உள்ளிருக்கும் மெல்லிய கறியும் வந்துவிடும். அதை விட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. ஒரு உயிரை எடுத்தோம், அதில் தின்னக்கூடியதைக் காட்டில் விடக் கூடாது. பல மாநிலங்களில் அப்படி வீணாக்குவது குற்றமும்கூட.

எலும்பு நீக்கினால் 25 முதல் 30 கிலோ வரும். நல்ல ஃபிரேம் வைத்த முதுகுப்பையில் இரண்டு நடை. துணிப்பையில் போட்டுக் கிளையில் தொங்கவிட்டால், முதல் நடை முடிவதற்குள் மீதி ஆறிவிடும். 4 டிகிரிக்குக் கீழே குளிர் இருந்தால் அவசரமே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மான்களைத் தாக்கும் சிடபிள்யூடி என்ற மூளை நோய் 1967-ல் கொலராடோவில் முதலில் தெரியவந்தது, இப்போது பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. நோயுள்ள பகுதியிலிருந்து மூளையும் தண்டுவடமும் வெளியே போகாதபடி பல மாநிலங்கள் தடுக்கின்றன. எலும்பு நீக்கிய கறிக்குப் பொதுவாகத் தடை இல்லை. ஆனால் எத்தனை துண்டு போடலாம், ஆணா பெண்ணா என்ற அடையாளம் கறியோடு ஒட்டியிருக்க வேண்டுமா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கொலராடோவில் அந்த அடையாளம் கட்டாயம். கத்தியை எடுக்கும் முன்பே அந்த வருட விதிப்புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

முதல் சுமையோடு கிளம்பும்போது மிச்சக் கறி தொங்கும் இடத்தைப் போன் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள், இருட்டில் எல்லா மரமும் ஒன்றுபோல்தான் இருக்கும். பையில் கொம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதில் ஆரஞ்சுத் துணியை நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். புதருக்கு மேலே கொம்பு அசைவதைத்தான் அந்தக் காட்டில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களும் காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள்.