அஹ்ஸா தோட்டமா, சைஹாத் இஸ்திராஹாவா, ஹாஃப் மூன் பே ஷாலேவா?

சவூதியின் கிழக்கே தம்மாம், கோபர் பக்கம் வேலை பார்க்கும் நம் ஆட்கள் வெள்ளிக்கிழமை நண்பர்களோடு நீச்சல்குளம் தேடிப் போவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களுக்குத்தான்: அஹ்ஸாவின் பேரீச்சைத் தோட்டம், சைஹாத் பக்கத்து இஸ்திராஹா (குளத்தோடு நாள் வாடகைக்கு விடும் ஓய்வு இல்லம்), ஹாஃப் மூன் பே கடற்கரை ஷாலே (வாடகைக் குடில்). குடும்பங்களோடு பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்து, காலை ஏழு மணிக்குள் வண்டியை எடுக்க முடியும் என்றால் அஹ்ஸா. ரூம் நண்பர்கள் மட்டும், மறுநாள் சனிக்கிழமையும் டூட்டி என்றால் சைஹாத் அல்லது கத்தீப். சின்னப் பிள்ளைகள் அதிகம் என்றால் ஷாலே. வாடகையை வைத்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அன்றைய நாளை ஆக்குவதும் கெடுப்பதும் தண்ணீரும் பயண நேரமும்.

தம்மாமிலிருந்து அஹ்ஸாவின் முக்கிய ஊரான ஹுஃபூஃப் சுமார் 150 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ரியாத் போகும் ரயில் அப்கைக், ஹுஃபூஃப் வழியாகத்தான் போகிறது. ஆனால் தோட்டங்கள் ஊருக்கு வெளியே இருப்பதால், ஸ்டேஷனில் இறங்கிப் பாத்திரம் பண்டத்தோடு டாக்ஸி பிடிப்பது வீண் வேலை. காரில் போவதே சரி. டிசம்பர், ஜனவரி காலைகளில் மூடுபனி இறங்கும். அந்த மாதங்களில் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பலாம். சைஹாத்தும் கத்தீப்பும் தம்மாமை ஒட்டியே இருக்கின்றன, அரை மணி நேரம் போதும். ஹாஃப் மூன் பே கோபருக்குத் தெற்கே. தூரம் குறைவுதான், வெள்ளி மாலை திரும்பும்போது நெரிசல் இருக்கும்.

இனி தண்ணீர். அஹ்ஸாவின் பழைய பாணித் தோட்டங்களில் குளம் என்பது பாசனத் தொட்டிதான். கிணற்றுத் தண்ணீர் பம்பில் ஏறிக் குளத்தில் விழுந்து, மறுபக்க வாய்க்கால் வழியாகப் பேரீச்சை மரங்களுக்குப் போகும். மரத்துக்குப் போகும் தண்ணீர் என்பதால் குளோரின் போடமாட்டார்கள். பம்பு ஓடும் வரை குளம் சுத்தம், நின்றால் வெயிலில் இரண்டு நாளில் பச்சை பிடித்துவிடும். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்றால் 60,000 லிட்டர். மணிக்கு 20,000 லிட்டர் கொட்டும் பம்பாக இருந்தாலும், அந்த அளவு புதுத் தண்ணீர் வந்து சேர மூன்று மணி நேரம் வேண்டும். அதனால் முதல் நாள் இரவே பம்பைப் போடச் சொல்லி ஹாரிஸிடம் (காவலாளி) பேசிவையுங்கள். போய் நின்று போடச் சொன்னால் மதியம் வரை பாசி வழுக்கும். குளோரின் இல்லாத வெதுவெதுப்பான நன்னீரில் மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா இருக்க வாய்ப்புண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது மிகக் கடினம். இந்த வகைக் குளத்தில் குதியாட்டம் வேண்டாம், பிள்ளைகள் தலையை முக்கி விளையாடவும் வேண்டாம்.

சைஹாத், கத்தீப் இஸ்திராஹாக்களில் பெரும்பாலும் டைல்ஸ் பதித்த, ஃபில்டர் வைத்த குளங்கள். இங்கே சிக்கல் வேறு. முந்தின இரவு ஒரு கூட்டம் குளித்துவிட்டுப் போயிருக்கும், நீங்கள் வரும் நேரத்தில் ஹாரிஸ் அவசரமாகக் குளோரின் பொடியைத் தூவுவார். கண் எரியும், கலர்த் துணி வெளுக்கும். குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் தண்ணீர் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு: குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்தால்தான் அந்த வாடை வரும். தண்ணீர்ச் சோதனைப் பட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஹெச் (அமில-கார அளவு) 7.2 முதல் 7.8 இருந்தால் இறங்கலாம். பட்டை இல்லையா? ஆழமான பக்கம் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் யாரும் இறங்கக்கூடாது, மூழ்கினவரும் தெரியமாட்டார். இந்த இரண்டு வகை இடங்களிலும் உயிர்காப்பாளர் என்று யாரையும் எதிர்பார்க்க முடியாது. குளத்துக்குள் இருக்கும் பழைய விளக்குகளில் மின்சாரம் கசியலாம், அவற்றை அணைக்கச் சொல்லிவிடுவது நல்லது.

ஷாலேயில் கடல் முன்னாலேயே இருக்கும். கரையோரம் ஆழம் குறைவு, பெரிய அலை கிடையாது, பிள்ளைகளுக்கு ஏற்ற இடம். ஆனால் ஜூன், ஜூலையில் ஷமால் என்னும் வடமேற்குக் காற்று அடித்தால் மணல் பறக்கும், கரி அடுப்பு நிற்காது. கோடையில் ஜெல்லி மீன் தொல்லையும் உண்டு.

பணத்தில் ஏமாறுவது பெரும்பாலும் 'ஒரு நாள்' என்ற வார்த்தையில். பல இஸ்திராஹாக்களில் ஒரு நாள் என்பது மாலை தொடங்கி நள்ளிரவு தாண்டி முடியும். காலை எட்டு மணிக்குப் போய் நின்றால் கதவு பூட்டியிருக்கும். உள்ளே போகும் நேரம், வெளியே வரும் நேரம், 15 சதவீத வாட் வரி சேர்ந்ததா, டெபாசிட் எவ்வளவு, இந்த நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். வாடகை 800 ரியால் என்றால் பதினாறு பேருக்குத் தலைக்கு 50. நால்வர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டால் அது 67 ஆகும். ஆகவே வசூல் புதன்கிழமையே முடியட்டும். பேச்சிலர் கூட்டத்தைச் சில இடங்களில் சேர்க்கமாட்டார்கள், முன்பே சொல்லிவிடுங்கள். பதிவு செய்பவர் இகாமா (குடியிருப்பு அட்டை) கொண்டுபோக வேண்டும்.

சாப்பாட்டில் தோட்டத்துக்கு ஈடு கிடையாது, திறந்த வெளியில் பெரிய பர்னர் வைத்துச் சமைக்கலாம். பதினாறு பேருக்கு இரண்டு கிலோ பாஸ்மதி, மூன்று கிலோ கோழி போட்டால் பிரியாணி தாராளம். சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்று போனதும் பாருங்கள், தம் போடும்போது தீர்ந்தால் அரிசி பாதி வேகாமல் நிற்கும். ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும் என்பதால் ஐஸும் கரியும் பதினொரு மணிக்குள் வாங்கிவிட வேண்டும்.

அஹ்ஸாவுக்குக் கூடுதலாக ஒரு லாபம் உண்டு. 2018-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த சோலை அது. வெயில் உச்சியில் குளத்தை விட்டு ஏறி காரா மலைக் குகைக்குள் போனால் நல்ல குளிர்ச்சி. திரும்பும் வழியில் கலாஸ் பேரீச்சை வாங்கலாம். ஆனால் ஆகஸ்டு வாக்கில் பழம் பழுக்கும்போது ஈயும் குளவியும் மொய்க்கும். அக்டோபர் கடைசி, நவம்பர், மார்ச் இவைதான் நல்ல மாதங்கள். ஜனவரியில் சைஹாத்தில் ஹீட்டர் உள்ள குளமாகக் கேளுங்கள். 'ஹீட்டர் இருக்கிறது' என்பது வேறு, 'முந்தின நாளே போட்டு வைக்கிறோம்' என்பது வேறு. அறுபதாயிரம் லிட்டர் ஒரு மணி நேரத்தில் சூடாகாது.

டெபாசிட் பிடித்தம் ஆவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால்: புல்லின் மேல் கரி அடுப்பு வைத்துக் கருக்கியது, குளத்தில் எண்ணெய்த் தலையோடு இறங்கியது. போனவுடனே உடைந்த நாற்காலி, கழன்ற குழாய் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டுப் பையைப் பிரியுங்கள்.