அன்பியமா, தனிமைத் தியானமா?

கடவுள் பேசுவதைக் கேட்கப் பழக எது உதவும், தெருவில் நாலு கத்தோலிக்கக் குடும்பம் விவிலியம் வாசித்துச் செபிக்கக் கூடும் அன்பியமா, விடியற்காலையில் தனியாக விவிலியத்தோடு உட்காருவதா?

தனியாக என்றால் லெக்சியோ திவினா, அதாவது விவிலியத்தை மெதுவாகச் செபத்தோடு வாசிக்கும் முறை, நல்ல வழி. 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ அதை வாசிப்பு, தியானம், செபம், கடவுள் முன் சும்மா இருத்தல் என நான்கு படிகளாகச் சொன்னார். ஒரே வசனத்தில் அரைமணி நேரம்கூடத் தங்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஆனால் நம் ஆசையையே கடவுளின் குரல் என்று எடுத்துக்கொண்டால் திருத்த ஆள் இல்லை.

அன்பியத்தில் அந்த ஆள் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் உருவாக்கிய ஏழு படி நற்செய்திப் பகிர்வைப் பல அன்பியங்கள் பின்பற்றுகின்றன: மனதைத் தொட்ட சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்து, மௌனமாக இருந்து, அப்புறம் பகிர்ந்து, பிறகு இந்த வாரம் என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டு, படுத்திருக்கும் பாட்டியை யார் போய்ப் பார்ப்பது என்பதுவரை அங்கேயே முடிவாகிவிடும். மௌனத்தை மட்டும் அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறோம், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

புதிதாகத் தொடங்குகிறீர்களா? முதலில் அன்பியத்துக்கே போங்கள். தன்னை அழைப்பது ஆண்டவர்தான் என்று விவிலியத்தில் வரும் சிறுவன் சாமுவேலுக்குப் புரிய முதிய குரு ஏலி தேவைப்பட்டார்.